கன்னத்தில் வைத்துப் பார்த்த விறகு

எங்கள் எதிர்வீட்டு அங்கிள் விறகைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிளந்த பக்கத்தைக் கன்னத்தோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, சற்று நேரம் அப்படியே நிற்பார். கைக்குழந்தையைக் கொஞ்சுகிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு முகம் வரும். கண்ணைத் திறந்ததும் முகம் மாறிவிடும். "ஈரம் கிடக்கு" என்பார். கட்டை வேலியோரம் போய் விழும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே ஸ்டோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டோருக்கு வந்து இறங்கும் சாமானில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் அவருடைய உத்தியோகம் என்று அப்பா சொல்வார். பென்ஷனான பிறகு திருப்பி அனுப்ப ஒன்றுமில்லாமல் போனதால் மனிதர் விறகைப் பிடித்துக்கொண்டார் என்பது அம்மாவின் கட்சி. நாங்கள் இருந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெருவில். அப்பா ஆஸ்பத்திரி வேன் ஓட்டினார். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் சிலோன் குடும்பம். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடி போன புதிதில் அவர் பேச்சில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை. ஈரம் என்ற சொல் மட்டும் முதல் நாளே விளங்கிவிட்டது.

கன்னம் கடைசிப் பரீட்சை. அதற்கு முன்னால் கட்டை பல பரீட்சைகளில் தேற வேண்டும். நுனியில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். பட்டையை நகத்தால் நெம்புவார். அது முரண்டு பிடிக்காமல் கழன்று வர வேண்டும். இரண்டு கட்டைகளைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றோடொன்று தட்டுவார். டங் என்றால் காய்ந்த கட்டை. தொப் என்றால் ஈரக்கட்டை. சந்தேகம் வந்துவிட்டால் ஒரு நுனியில் சோப்புத் தண்ணீரைத் தடவி, மறுநுனியில் வாயை வைத்துக் கன்னம் உப்ப ஊதுவார். நுரை கிளம்பினால் உள்ளே நரம்பெல்லாம் திறந்து ஈரம் போய்விட்டது என்று அர்த்தமாம். அந்த வழியாகப் போன மலாய்க்காரத் தபால்காரர் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு, அங்கிள் என்ன வாத்தியம் வாசிக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு மலாயில் அதை விளக்கத் தெரியவில்லை. ஆமாம், வாத்தியம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இத்தனையும் எழுபதுகளின் கடைசியில். தெருவில் எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. அங்கிள் வீட்டுப் பின்கட்டில் மட்டும் விறகடுப்பு எரிந்தது. கேஸில் வெந்த சோற்றை அவர் தொட மாட்டார். "அது வெந்த சோறு இல்லை, வெருண்ட சோறு" என்பார். அடுப்பை ஊதுகிறவர் அவர் மனைவி. அந்த ஆன்டி வாய் திறந்து கணவரை ஒரு சொல் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அவர் பத்து மணிக்குப் பேப்பர் படிக்க உட்கார்ந்ததும் ஆன்டி அரிசிப் பானையை முந்தானையால் மூடிக்கொண்டு பின்சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் கேஸ் அடுப்பில் சோறு பொங்கும். அம்மாவும் அவரும் வெற்றிலை போடுவார்கள். சோறு வெந்ததும் பானை அதே வழியில் திரும்பிப் போகும். பின்கட்டில் இரண்டு தேங்காய் மட்டையைக் கொளுத்தி, பானையின் அடியில் கொஞ்சம் கரி பிடிக்கும்வரை வைத்து எடுத்தால் வேலை முடிந்தது.

"இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாதாக்கா?" என்று அம்மா கேட்பார்.

"தெரிஞ்சால் நான் உயிரோட இருப்பனோ?" என்பார் ஆன்டி, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

ஒருமுறை அப்பா அங்கே சாப்பிட உட்கார்ந்தார். அங்கிள் ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுவிட்டு, "பாத்தியளோ? விறகுச் சோறு எண்டால் இதுதான். உங்கட வீட்டு கேஸில இது வருமோ?" என்றார். அது எங்கள் வீட்டு கேஸில் வந்த சோறு என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். "வராதுங்க" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

விறகோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உலகத்தில் எதுவுமே சரியாகக் காயவில்லை என்பது அங்கிளின் முடிவு. எங்கள் கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதை இப்ப மடிக்காத, ஈரம் கிடக்கு" என்று தெருவிலிருந்து குரல் கொடுப்பார். அது உள்பாவாடையாக இருக்கும். நான் ஓடிப்போய் ஒளிந்துகொள்வேன். அப்பளத்தைத் தட்டிப் பார்ப்பார். பேப்பரை உதறிப் பார்ப்பார். சீன லாண்டரியிலிருந்து வந்த சட்டைக் காலரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் ஒருவர் தெருவுக்கு வந்து அரைமணி நேரம் பேசினார். "ஈரக்கட்டை. புகைதான் வருது, நெருப்பைக் காணேல்லை" என்று அங்கிள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த வேட்பாளர் ஜெயித்தார். அங்கிள் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இறந்தபோது சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார். அடுக்கிய கட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்து, கால்மாட்டில் இரண்டு கட்டையை உருவி மாற்றச் சொன்னாராம். கொள்ளிச்சட்டியோடு நின்ற மகனுக்கு அழுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. "ஆறுதலாப் பாத்துச் செய்வம் தம்பி. அவருக்கு இனி என்ன அவசரம்?" என்று அங்கிள் சமாதானம் சொன்னதை அப்பா வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்த ஈரம் காயாமலே சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

விறகுக்கடைத் தவுக்கேயோடு அவருக்குத் தீராத வழக்கு இருந்தது. தவுக்கே வயதான சீனர். கடை முதலாளியைத் தவுக்கே என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். அவருடைய லோரி ரப்பர்க்கட்டையோடு தெருவுக்குள் நுழைந்தால் ஜனம் வாசலுக்கு வந்துவிடும். லோரி நிற்பதற்குள் அங்கிள் ஏறி நிற்பார்.

"தவுக்கே, இனி பாசா லா! எல்லாம் ஈரம்!"

"உங்கிள், இனி காயு, புக்கான் பிஸ்கட்!" என்று அதே மலாயில் கத்துவார் தவுக்கே. இது கட்டை, பிஸ்கட் இல்லை என்பது அவர் வாதம். கடைசியில் லோரியில் பாதி திரும்பிப் போகும். அடுத்த மாதம் அதே லோரி அதே கட்டைகளோடு திரும்பி வரும் என்றும், அதற்குள் அவை காய்ந்திருக்கும் என்றும், ஆகவே அங்கிள் தவுக்கேயின் கடையைத் செலவில்லாமல் தன் விறகைக் காயவைக்கும் இடமாக நடத்துகிறார் என்றும் அம்மா கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. அவருக்கு அப்பா இல்லை. அம்மாதான் எல்லாம். ஒடிசலான உருவம், இழுத்துக் கட்டிய கொண்டை. வீட்டுக்குள் வந்ததும் சுவரையும் நாற்காலியையும் எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தெருவில் மூத்தவர் என்று அப்பா எதிர்வீட்டு அங்கிளையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். வேறு எங்கேயும் வம்பு கிடைக்காதது போல.

மாப்பிள்ளை எழுந்து அங்கிளுக்குக் கை கொடுத்தார். அங்கிள் பிடித்த கையை விடவில்லை. புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, கை ஈரமாக் கிடக்கு" என்றார்.

பெண் பார்க்க வந்த பையனுக்குக் கை வேர்க்காமல் வேறு யாருக்கு வேர்க்கும்? மாப்பிள்ளை முகம் சிவந்துபோனது. அவர் அம்மா காப்பிக் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"எம்பையனுக்கு ஒரு வியாதியும் இல்லைங்க."

"வியாதி எண்டு ஆர் சொன்னது? இன்னும் காயேல்லை எண்டுதான் சொன்னன்."

அப்பா இருமினார். அம்மா பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு குறுக்கே போனார். அந்தச் சம்பந்தம் அன்றோடு அறுந்திருக்க வேண்டியது. அறாமல் போனதற்குக் காரணம் மாப்பிள்ளைதான். வேனில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர் அம்மா போகும்போது என் அம்மாவின் கையைப் பிடித்து, "எங்க பக்கம் ஆளுங்க நெறய வருவாங்க. சாப்பாட்டுல ஒரு கொறை வரக் கூடாது. பார்க்கிறோம்" என்றார்.

அந்தப் "பார்க்கிறோம்" எங்கள் வீட்டில் தூக்கத்தைக் கெடுத்தது. கல்யாணச் சாப்பாட்டில் ஒரு குறை வந்தால் அதை ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறவள் நான். அம்மா இதை எதிர்வீட்டு ஆன்டியிடம் அழுதுகொண்டே சொல்ல, ஆன்டி அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, அன்று மாலையே அங்கிள் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை.

"கல்யாணத்துக்கு விறகு என்ர பொறுப்பு" என்றார். "எங்கட பிள்ளையின்ர கல்யாணத்தில ஒரு சொட்டுப் புகை வராது. வந்தால் என்ர பேரை மாத்துங்கோ."

எங்கட பிள்ளை என்றதில் அம்மா உருகிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அப்பாவும் சரி என்றார். கோயில் மண்டபத்தின் பின்னால் இருந்தவை எல்லாம் பெரிய விறகடுப்புகள். விறகு வேண்டியதுதான், அதை அவரைவிட யார் பார்த்து வாங்கப் போகிறார்கள்?

வாங்கினார். அந்த முறை தவுக்கேயின் லோரியில் முக்கால்வாசி திரும்பிப் போயிற்று. தேறிய ரப்பர்க்கட்டைகளை அவரே பிளந்தார். பின்முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக, இடையில் காற்றுப் போக அடுக்கினார். காலையில் கிழக்குப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். மாலையில் மேற்குப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். என் சேலைக்கும் நகைக்கும் அம்மாகூட அவ்வளவு மெனக்கெடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கட்டைகள் காய்ந்தன. ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டினால் கோயில் மணிபோலக் கேட்டது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். தீபாவளி நெருங்கியது. நம் ஊர் ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் மூன்று மணியானால் மேலே யாரோ குழாயைத் திறந்துவிடுவார்கள். அங்கிளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கேயோ போய் லோரிக்குப் போடும் பழைய கன்வாஸ் துண்டுகளை வாங்கிவந்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. அதுவரை வீட்டு அடுப்புக்குத் தேங்காய் மட்டை போதும் என்று, விறகு முழுவதையும், வீட்டுக்கு எரிக்க வைத்திருந்த கட்டைகளோடு சேர்த்து, கட்டுக் கட்டாக உச்சியிலிருந்து அடிவரை சுற்றினார். கயிறு போட்டு இறுக்கினார். ஓரமெல்லாம் செங்கல் வைத்து அடைத்தார்.

"எறும்பு போகேலாது. காத்துப் போகேலாது" என்றார் பெருமையாக.

ஆன்டி அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இஞ்சேருங்கோ, கொஞ்சம் காத்துப் போகட்டுமன். அதுக்கு மூச்சு முட்டாதோ?"

"விறகுக்கு மூச்சு ஏது? விசர்க்கதை கதைக்காதையும்."

கல்யாணத்தன்றுதான் பிரிக்க வேண்டும், அதுவரை ஒருவரும் கயிற்றைத் தொடக் கூடாது என்று கட்டளை. வெளியே மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தன. சுடுசோற்றுப் பானையை மூடி வைத்தால் மூடியின் உள்பக்கம் நீர் கோத்துச் சொட்டும் என்று சமையல்கட்டில் கால் வைத்த எவருக்கும் தெரியும். அங்கிள் சமையல்கட்டில் கால் வைத்ததில்லை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே நான் மண்டபத்துப் பக்க அறையில் அலங்காரத்துக்கு உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே சமையலிடம். கிள்ளானிலிருந்து வந்த சமையல்கார அண்ணன், வயிற்றுக்குமேல் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். விறகு ஏற்றிய வாடகை லோரி வந்து நின்றது. கன்வாஸ் பிரிக்காமல் அப்படியே, பிறந்த குழந்தையைத் துணியோடு கொண்டுவருவதுபோல, கட்டுக் கட்டாக இறங்கியது. அங்கிள் பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, பக்கத்தில் நின்றார். கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

உள்ளேயிருந்து வெதுவெதுவென்று ஆவி வந்தது. கட்டைகள்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சில கட்டைகளில் குட்டிக் குட்டிக் குடைகள் முளைத்திருந்தன.

சமையல்கார அண்ணன் குனிந்து பார்த்தார். "அங்கிள், கொழம்புக்குக் காளான் நான் கேக்கலையே."

அங்கிள் இரண்டு கட்டைகளை எடுத்துக் காதருகே தட்டினார். தொப் என்றது. வேறு இரண்டு எடுத்தார். தொப். நடுவில் கைவிட்டு உருவினார். தொப். கன்னத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மேல்கட்டைதான் இப்பிடி. பத்த வையுங்கோ, பிடிக்கும்" என்றார். குரல் அவர் குரலாக இல்லை.

பற்ற வைத்தார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்று சொன்னவர் அன்றைக்கு எங்கள் மண்டபத்துக்கு வந்திருந்தால் பழமொழியை மாற்றி எழுதியிருப்பார். புகை சமையலிடத்தை நிறைத்துவிட்டு, ஜன்னல் வழியாக என் அறைக்குள் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்குள் போயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். "சாம்பாரு பூரா மண்ணெண்ணெ நாறும். அப்புறம் நான் கிள்ளான் பக்கம் தலைகாட்ட முடியாதுங்க" என்று சமையல்கார அண்ணன் மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, தவுக்கே கடை திறக்க மாட்டார். தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் கேஸ். விறகு வைத்திருந்த ஒரே வீட்டு விறகு இதோ இங்கே காளான் பூத்துக் கிடக்கிறது.

என் கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது. அலங்காரக்கார அக்கா துடைத்துத் துடைத்துப் போட்டார். பிறகு அவரும் கண்ணைக் கசக்க ஆரம்பித்தார். மண்டபத்தில் அத்தை அழுதார், சித்தி அழுதார், நாதஸ்வரக்காரர் அழுதுகொண்டே ஊதினார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டின் முதல் கார் வந்தது. இறங்கியவர்கள் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை ஆகிறவர்கள். வாசலில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார்கள்.

"என்னங்க, யாருக்காவது ஏதாச்சும்...?"

"பொண்ணைப் பிரியறோம்ல, அதாங்க" என்றார் என் அத்தை. அத்தைக்கு அந்த நேரத்தில் அது எப்படி வாயில் வந்ததோ, இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

எனக்குப் புகையால் வந்த கண்ணீர் பாதிதான். மீதி பயத்தில் வந்தது. வேனில் அந்த அம்மாள் வந்துகொண்டிருக்கிறார். தாலி கட்டி முடித்து இலையில் உட்காரும்போது இலை காலியாக இருக்கும். "பார்க்கிறோம்" என்று சொன்னவர் பார்ப்பார். அந்த வீட்டில்தான் நான் வாழ வேண்டும். அங்கிள்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஜன்னல் வழியாக அவரைத் தேடினேன். அவர் அங்கே இல்லை. அப்பாவும் இல்லை. லோரியும் இல்லை.

அவர்கள் போன இடத்தில் நடந்ததை ஆன்டி எனக்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சிரிப்பை அடக்க முடியாமல்தான் சொல்வார். ஆன்டி கூறைச்சேலை மாதிரி ஒரு பட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் புறப்பட்டு நிற்கிறார். அங்கிள் உள்ளே வந்தார். வந்தவர் வீட்டைத் தட்டத் தொடங்கினார். பின்கட்டு பெஞ்சைத் தட்டினார். டங். லோரி ஆள் அதை வெளியே எடுத்துப் போனார். சமையல்கட்டுப் பலகைத் தட்டுகளைத் தட்டினார். பாத்திரங்களைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவையும் போயின. பீரோவைத் தட்டினார். பாலிஷ் அடித்தது, உதவாது. பிறகு படுக்கையறைக்குப் போய்க் கட்டிலைத் தட்டினார்.

அந்தக் கட்டில் ஆன்டி யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அங்கிள் ஆசாரி வைத்துச் செய்தது. நல்ல கனமான மெரந்தி மரப் பலகை. பாலிஷ் அடித்தால் மரத்தின் ஈரம் உள்ளே ஒளிந்துகொள்ளும் என்று அடிக்க விடவில்லை. அத்தனை வருஷம் வீட்டுக்குள் காய்ந்த மரம். டங் என்ற சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது என்றார் ஆன்டி.

"என்ன, கட்டிலைத் தட்டுறியள்?"

"காய்ஞ்சு கிடக்கு."

வாசலில் கோடாலியோடு நின்ற அப்பா விஷயத்தைச் சொன்னார். ஆன்டி மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு கட்டிலின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"உடையுங்கோ. ஆனால் நாளைக்கு இந்த வீட்டுக்கு கேஸ் அடுப்பு வரோணும்."

கட்டிலை உடைக்க ஒரு நிமிஷம்கூட யோசிக்காத மனிதர் அதற்கு யோசித்தார். எவ்வளவு நேரம் யோசித்தார் என்றால், அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், மாப்பிள்ளை வேன் ஃபெடரல் ஹைவேல வந்துகிட்டு இருக்கும்! சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க லா!"

"சின்னதா ஒண்டு வாங்கலாம்" என்றார் அங்கிள்.

"ரெட்டை அடுப்பு" என்றார் ஆன்டி. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஓம்" என்றார் அங்கிள்.

முதல் வெட்டை அவரேதான் வெட்டினாராம்.

ஜன்னலுக்கு வெளியே லோரி திரும்பி வந்ததை நான் பார்த்தேன். கட்டில் கால் ஒன்று, கடைந்த குமிழோடு, ஒரு ஆளின் தோளில் போனது. என்னவென்று எனக்குப் புரியவில்லை. சமையல்கார அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அடுப்பில் செருகினார். "தொடக்கம் மட்டும் பிடிச்சிட்டாப் போதும், மீதிய நான் பார்த்துக்கறேன்" என்றார். பலகைகள் குப்பென்று பிடித்துக்கொண்டன. புகையே இல்லாத மஞ்சள் நெருப்பு. அந்தச் சூட்டில் ஈரக்கட்டைகளைச் சிறிதாகப் பிளந்து அடுப்பைச் சுற்றிலும் சாய்த்து வைத்தார். அவை காயக் காய ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. அங்கிள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கரி முகத்தோடு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கட்டை திருப்பிக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போதுகூட அவர் மேடைப் பக்கம் வரவில்லை. அவரைக் காணோம் என்றதும் எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முதல் பந்தியில் எங்களை உட்கார வைத்தார்கள். எனக்கு இந்தப் பக்கம் என் கணவர், அந்தப் பக்கம் மாமியார். எதிர் வரிசையில் ஆன்டி. இலையில் எல்லாம் வந்தது. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, வடை, பாயசம், எல்லாம் சூடாக. நான் இலையில் கை வைக்கவில்லை. பக்கத்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தலையைத் தூக்கிச் சமையல்கார அண்ணனைக் கூப்பிட்டார்.

"சாப்பாடு நல்லாருக்கு. நாங்க வந்து எறங்கறப்போ தெருமுனை வரைக்கும் பொகை வாடை அடிச்சிச்சே. ரசத்துல கொஞ்சங்கூட இல்ல. என்ன கட்டை?"

சமையல்கார அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தூணைப் பார்த்தார்.

"நல்ல காஞ்ச ரப்பர்க்கட்டைங்கம்மா" என்றார் அண்ணன். நல்ல மனுஷன். "எதிர்வீட்டு அங்கிள் பார்த்துப் பார்த்துக் காய வச்சது."

மாமியார் தலையசைத்தார். அத்தோடு முடிந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்பள வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்த அங்கிள் மட்டும் எங்கள் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் பேசாமல் அப்பளத்தை வைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம்.

"இல்லையம்மா" என்றார். "என்ர விறகு ஈரம்."

வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் தெரு ஜனம் கையை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தது. தவுக்கேயின் விறகு, லாண்டரியின் காலர், வேட்பாளர், என் கணவரின் கை என்று ஊரெல்லாம் ஈரம் கண்டவர். ஈரத்தோடு சேர்த்து என்ர என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான்தான் மூடிப் பழுதாக்கினது. பிள்ளையின்ர கல்யாணத்தைக் கெடுக்கப் பாத்தன்."

"அப்ப இதெல்லாம் எதுல வெந்துச்சு?" என்றார் மாமியார்.

"எங்கட கட்டில்ல."

மாமியாரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அங்கிளை மேலும் கீழும் பார்த்தார். கரி பிடித்த வேட்டி, வேர்வையில் கரைந்த விபூதி. பிறகு எதிர் வரிசையில் இருந்த ஆன்டியைப் பார்த்தார்.

"அப்ப ராத்திரிக்கு எங்கக்கா படுப்பீங்க?"

"நிலத்திலதான்" என்றார் ஆன்டி. பாயசத்தை வழித்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த மனுசனோட இத்தனை வருசம் கட்டில்ல படுத்து என்ன கண்டன்? நாளைக்கு எனக்கு கேஸ் அடுப்பு வருது."

மாமியார் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு இடது கையால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் அடங்கவில்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் விழ, அதே கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தக் கை என் தோளைவிட்டு எடுபடவேயில்லை. எனக்கு அப்போதுதான் பசித்தது.